பழனி அடிவாரத்தில் பிரிந்து போகாதீர்கள்

போன கார்த்திகையில் பழனி ரோப்கார் நிலையத்து வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். இடுப்பில் பேரக் குழந்தை, தோளில் பால் புட்டி வைத்த பை. "படியில் போனவர்கள் இன்னும் வரவில்லையம்மா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் கணவர் அதே வாசலில் அதே முகத்தோடு நின்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. ஊருக்குள்ளேயே குழந்தை வேலப்பர் என்ற பெயரில் முருகன் இருக்கிறார். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறை கீழே இறங்கி, சண்முக நதியில் முழுகி, அடிவாரத்துத் திருஆவினன்குடி கோயிலில் கும்பிட்டு, மலையேறித் தண்டாயுதபாணியைப் பார்த்தால்தான் எங்கள் வீட்டில் அந்த வருடம் நிறையும். 18 வருடங்களாகக் குடும்பத்தைக் கூட்டிப்போவது நான்தான். குடையை மறக்காதீர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பழனிக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலை இறங்குவது

பெருமாள்மலை தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பழனியில்தான்.

பழனி வானத்தைப் பார்த்து ஆற்றில் இறங்குவது

உடுமலைப்பேட்டை சாலையில் இருக்கிறது சண்முக நதி. ஆறு ஓடைகள் சேர்வதால் அந்தப் பெயர் என்பார்கள். கடைசியில் அமராவதியில் போய்ச் சேருகிறது. கோடையில் வருகிறவர்கள் பாறைக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இது எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கள் மலையிலிருந்து போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேலே ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கும். காலையில் பழனியில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மேலே பாலாறு-பொருந்தலாறு அணையும் வரதமாநதி அணையும் நிறைந்திருந்தால், உபரி நீரும் சேர்ந்து வரும். ஆகவே, பழனி வானத்தை அல்ல, கொடைக்கானலில் முந்தின நாள் மழை பெய்ததா என்பதைக் கேளுங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் குழந்தைகளைக் கரையிலேயே நிறுத்தி, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுங்கள். முருகன் அதையும் முழுக்காகவே ஏற்றுக்கொள்வான்.

உடுத்திய துணியை ஆற்றில் விடுவது

விடாதீர்கள். பாவம் போகாது. துணி மட்டும் போய் அடுத்த படித்துறையில் சிக்கிக்கொள்ளும்.

செல்போனைக் கொடுத்துவிட்டுப் பிரிவது

மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2023 அக்டோபர் 1 முதல் தடை. சன்னதியில் படம் எடுப்பவர்கள் ஒழிந்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். ஆனால் அந்தத் தடை வந்த பிறகு, குடும்பத்தோடு பழனிக்குப் போவது வேறு விதமாகிவிட்டது. அதை நான் உணராததன் விலை பெரிது.

கணவர் ரோப்கார் வாசலில் நின்ற அந்த மார்கழியில் நாங்கள் 11 பேர். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 74 வயது; முழங்கால் வலியோடு சர்க்கரையும் உண்டு. பேரப்பிள்ளைகள் எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று ராஜ அலங்காரம் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 693 படி அவரால் ஆகாது. அவரையும் என் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு கணவர் ரோப்காருக்குப் போனார். மற்ற எட்டுப் பேரும் படி. எல்லோருடைய போன்களையும் மொத்தமாகப் படிப்பாதையில் உள்ள செல்போன் பாதுகாப்பு மையத்தில் கொடுத்தேன். ஒரே டோக்கன். அதை என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். "மேலே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பிரிந்தோம்.

அந்த இரண்டு சொல்லை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. மேலே என்றால் எங்கே? ரோப்கார் சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும். அவர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, நாங்கள் உள்ளே போயிருப்போம் என்று வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் மூச்சு வாங்க ஏறி வந்து அவர்களைத் தேடினோம். பிரகாரத்தை இரண்டு முறை சுற்றினோம். கடைசியில் அவர்கள் தரிசனம் முடிந்து மலையைச் சுற்றிப் போகும் கிரிவீதியின் தெற்குப் பக்கத்தில், ரோப்கார் நிலையத்தில் இறங்கி உட்கார்ந்தார்கள். நாங்கள் படியிறங்கிப் பாத விநாயகர் கோயிலில் உட்கார்ந்தோம். இரண்டு கூட்டமும் மற்றவர்கள் வருவார்கள் என்று நம்பி நகரவே இல்லை.

கணவர் ஒரு பூக்கார அம்மாவிடம் போன் வாங்கியிருக்கிறார். யார் எண்ணும் மனப்பாடமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எங்கள் போன்கள் எல்லாம் மையத்துக்குள் அல்லவா இருந்தன! அத்தையின் மாத்திரையும் இட்லிப் பொட்டலமும் என் பையில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அத்தை சுவரில் சாய்ந்திருந்தார். கை நடுங்கியது, புடவைத் தலைப்பு வேர்வையில் நனைந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரால்தான் பேச்சாவது இருந்தது. ஊருக்குப் பஸ் போய்விட்டது. 11 பேருக்கும் அறை எடுத்துத் தங்கினோம். பணம் போகட்டும். அதன் பிறகு அத்தையால் மலைக்கு வர முடியவில்லை. ஒரே வரிசையில் நிற்கும் ஆசை அப்படியே நின்றுவிட்டது.

எனவே, போனைக் கொடுப்பதற்கு முன்பு பேசி முடியுங்கள். படிப்பாதை, வின்ச் (தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் பெட்டி), ரோப்கார் என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே பாதுகாப்பு மையம் உண்டு. ஏறும் வழியிலேயே இறங்குங்கள். வழி மாறினால் போன் மலையின் வேறு பக்கத்தில் கிடக்கும். பிரியத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு கூட்டமும் தன் போனைத் தன் வழியிலேயே கொடுத்து டோக்கனைத் தானே வைத்துக்கொள்ளட்டும். மேலே ராஜகோபுர வாசல் என்று இடத்தைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். யாரையாவது காணவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் சொல்லிக்கொள்ளுங்கள். கீழே, வயதானவர்கள் இறங்கும் இடத்துக்கு நடக்க முடிந்தவர்கள் போக வேண்டும். ஏனென்றால் கிரிவீதிக்குள் 2024 முதல் சொந்த வண்டிகளை விடுவதில்லை. மாத்திரை, கொஞ்சம் சாப்பாடு, பணம், எண்கள் எழுதிய துண்டுச்சீட்டு ஆகியவை இரண்டு பக்கமும் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு வையுங்கள்.

ரோப்காரை மட்டும் நம்பி வருவது

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வாரக்கணக்கில் நிறுத்துகிறார்கள். பலத்த காற்று அடித்தாலும் ஓடாது. முந்தின நாளே கேளுங்கள். வின்ச்சை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். படியேறத் தயங்குபவர்களுக்கு யானைப் பாதை இருக்கிறது. சாய்வு குறைவு, முழங்காலுக்கு நல்லது.

மொட்டைக்குப் பேரம் பேசுவது

முடிக் காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கி உட்காருங்கள்.

தைப்பூசத்தில் முதல் முறையாக வருவது

பாதயாத்திரைக்காரர்களின் நாள் அது. கைக்குழந்தையோடு முதல் முறை வருகிறவர்கள் தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதக் கார்த்திகை மூன்றையும் விட்டு, ஒரு சாதாரணப் புதன்கிழமையில் வாருங்கள்.

போன கார்த்திகையில் பார்த்த அந்தப் பெரியவரைக் குழந்தையோடு நிழலில் உட்கார வைத்துவிட்டு, என் கொழுந்தனார் படிப்பாதை வரைக்கும் நடந்தார். பாத விநாயகர் கோயிலில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேர். குழந்தையின் அம்மா செருப்பைக்கூடத் தேடாமல் ஓடி வந்தாள்.