டாக்டர் சின்டாக்ஸ் படத்துக்கு வீட்டுலயே கலர் போடலாம் வாங்க

ரோலண்ட்சன்ங்கிற இங்கிலாந்து கேலிச்சித்திரக்காரர் வரைஞ்ச டாக்டர் சின்டாக்ஸ் படங்கள்ல ஒண்ணுக்கு வாட்டர்கலர் அடிச்சு முடிச்சாச்சு, மூணு காப்பி வீணாப் போனப்புறம்தான் சரியா வந்துச்சு, அதான் எழுதி வைக்கறேன்.

1812ல லண்டன்ல ஆக்கர்மன்ங்கிற பதிப்பாளர் போட்ட புத்தகத்துல வந்த படங்கள் இது. இயற்கைக் காட்சிகளப் பத்தி வில்லியம் கில்பின் எழுதினதப் படிச்சுட்டு அழகான காட்சி தேடி ஸ்கெட்ச் நோட்டும் கையுமா அலைஞ்சவங்களக் கிண்டல் பண்ற நீளப் பாட்டுதான் அந்தப் புத்தகம். கிரிசில்ங்கிற கிழட்டுக் குதிரைல கிளம்பற பாதிரியார் டாக்டர் சின்டாக்ஸ்தான் ஹீரோ. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா படம்தான் முதல்ல வந்துச்சு, மாசம் ஒரு படம் வரும், அதப் பார்த்து வில்லியம் கூம் பாட்டு எழுதுவார், அப்ப ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கிட்டதே இல்ல. அதனால கதை முழுக்க கோட்டுலதான் இருக்கு, கலர் கோட்டை முழுங்கிடக் கூடாது.

1. நியூயார்க் மெட் மியூசியம் சைட்ல படம் ஃப்ரீயா கிடைக்கும், பெரிய சைஸா எடுங்க. நான் எடுத்தது டாக்டர் தண்ணிக்குள்ள விழற படம்.

2. ஃபோட்டோபீல (பிரவுசர்லயே ஓடற ஃபோட்டோ எடிட்டர்) கறுப்பு வெள்ளையா மாத்துங்க.

3. பிரின்ட். நான் மாட்டினது இங்கதான். வீட்டு இங்க்ஜெட்ல எடுத்தேன், பிரஷ் பட்டதும் கோடு பூரா கரைஞ்சு முகமெல்லாம் ஊதாவா ஓடிடுச்சு. ஒரு நாள் காய விட்டும் பார்த்தேன், அப்பவும் அதே கதைதான், அந்த இங்க் தண்ணில கரையற டை இங்க். ஜெராக்ஸ் கடைல லேசர் பிரின்ட் எடுங்க, டோனர் தண்ணிக்கு அசையாது. பேப்பர் 200 ஜிஎஸ்எம்மாவது இருக்கணும், மெஷின் இழுக்குமான்னு கடைல கேட்டுக்கோங்க.

4. முதல்ல வெறும் சாம்பல் வாஷ் (தண்ணி நிறைய விட்ட மெல்லிசு பூச்சு), நிழல் விழற இடத்துல மட்டும். ஒரிஜினல்ல இந்த நிழல் அக்வாடின்ட் முறைல, அதாவது தகட்ட அமிலத்தால அரிச்சு நிழல் வரவைக்கற முறைல, செப்புத் தகடுலயே இருக்கும், அதுக்கு மேலதான் ஆளுங்க உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியா கையால கலர் போட்டாங்க. நல்லா காயட்டும்.

5. அப்புறம் கலர், வானம் முதல்ல, ஆளுங்க கடைசில. போஸ்டர் கலர் வேண்டவே வேண்டாம், கோட்டை மூடிடும், ட்யூப் வாட்டர்கலர நிறைய தண்ணி விட்டு டீ மாதிரி தெளிவா கலக்குங்க. 6ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒண்ணும் 2ஆம் நம்பர் ஒண்ணும் போதும். டாக்டர் போட்டிருக்கற கோட்டுக்குக் கறுப்ப அப்பாதீங்க, நீலம் கலந்த சாம்பல் போதும். விக்கை அப்படியே பேப்பர் வெள்ளையா விட்டுடுங்க, அதுதான் அழகு.

அப்டேட்: லேசர்ல எடுத்தும் கலர் அழுக்கா இருக்குன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. ஒரிஜினல் பிரதில அப்ப கையால போட்ட பெயின்ட் கறுப்பு வெள்ளைல சாம்பல் திட்டா மாறி நிக்குது, அதான் காரணம். ரெண்டாவது ஸ்டெப்ல ஃபோட்டோபீ லெவல்ஸ் (வெளிச்சம், இருட்டு மாத்தற இடம்) போய் வெள்ளைப் பக்கத்து முக்கோணத்த இடது பக்கமா நகர்த்துங்க, பேப்பரோட பழுப்பும் திட்டும் மறைஞ்சு கோடு மட்டும் நிக்கற வரைக்கும். முகத்துக் கோடு விட்டுப்போக ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திடுங்க.