லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றால்

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணினி, லினக்ஸின் மையமான கர்னலைப் புதுப்பித்ததும் பூட் ஆகாமல் உறைந்தது. மழை ஈரத்தில் ராம் போயிருக்கும் என்றார்கள். ராம் நன்றாகத்தான் இருந்தது.

கணினியைத் தொடங்கியதும் எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனுவில் 'ஈ' விசையைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் பூட் செய்திகளை மறைக்கும் 'க்வயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்து, எஃப்10 அழுத்துங்கள். திரையில் ஓடும் செய்தி வரிகள் கண்ணுக்குச் சிக்காது, கைபேசியில் வீடியோ எடுங்கள். எங்களுக்கு அதில் கிடைத்தது: 'நோ கம்பாட்டிபிள் பிரிட்ஜ் விண்டோ'. அதாவது, மதர்போர்டில் செருகும் பிசிஐ கார்டுக்கான முகவரி, கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயாஸ் சொல்லும் எல்லைக்குள் இல்லை. 2008 முதல் வந்த பயாஸ் என்றால் கர்னல் அந்த எல்லையை அப்படியே நம்பும். மறுபடி கிரப் மெனுவுக்குப் போய், அதே 'லினக்ஸ்' வரியின் கடைசியில் 'பிசிஐ=நோசிஆர்எஸ்' சேர்த்தால் நம்பாது. சேர்த்தோம், பூட் ஆனது! இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான், தயங்காமல் சோதிக்கலாம். பயாஸ் அப்டேட் கிடைத்தால் அதையே போடுங்கள்.