இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஊருக்கு: எந்தத் தள்ளுவண்டி?

ஒன்றரை வயதில் ஒன்று, மூன்றரை வயதில் ஒன்று. இப்படி இரண்டு பிள்ளைகளோடு ஓகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரட்டை வண்டிதான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் அது நல்ல வண்டி. ஊருக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஒற்றை வண்டி இரண்டு கொண்டுபோங்கள்.

அகலம்தான் முதல் காரணம். இரட்டை வண்டிகளில் பெரும்பாலானவை 70 செ.மீ.க்கு மேல். லண்டன் வீட்டின் 76 செ.மீ. கதவுக்குள்ளேயே சில வண்டிகள் உரசிக்கொண்டுதான் போகும். ஊரில் பழைய வீடுகளுக்கு இரட்டைக் கதவு. ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மற்றதைத்தான் திறந்து வைத்திருப்பார்கள். கீழே நிலைப்படி, அதற்கு முன்னால் இரண்டு மூன்று படி. கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கினால் காலி வீதி நடைபாதை: கடைச் சாமான், மின்கம்பம், நிறுத்திவிட்ட மோட்டார் சைக்கிள். ஒற்றை வண்டியே நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். ஓட்டோவில் ஏற்றுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

முன்னும் பின்னுமாகப் பிள்ளைகள் இருக்கும் வண்டி ஒடுக்கமானது, உண்மை. ஆனால் நடைபாதை ஓரத்தில் ஏற்றும்போது முன்னால் இருக்கிற பிள்ளையின் பாரம் முழுவதையும் கைப்பிடியை அழுத்தித் தூக்க வேண்டும். வண்டியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் 40 கிலோ அளவில் வரும். வெயிலில் அது பெரிய வேலை.

இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால், ஒன்றை நல்ல வண்டியாக வாங்குங்கள், மற்றது ஆகச் சின்னதாக இருக்கட்டும். ஊர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சின்னப் பிள்ளையைக் கீழே விட ஆள் இருக்காது. அம்மம்மா, சித்தி, மச்சாள் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். தனியாகப் போகிற தாய் அல்லது தகப்பனுக்குக் கணக்கு வேறு. ஒரே மாதிரியான இரண்டு ஒற்றை வண்டிகளை வாங்கி, இரண்டையும் இணைக்கிற கொளுக்கிகளையும் வாங்குங்கள். விமான நிலையத்தில் இணைத்துத் தள்ளலாம், ஊரில் கழற்றிவிடலாம். வேறு வேறு வண்டி என்றால் சில்லுகள் ஒத்துப்போகாது, ஒரு பக்கம் இழுக்கும். வீட்டிலேயே பிள்ளைகளை இருத்திப் பார்த்துவிடுங்கள். மூத்த பிள்ளை நிற்பதற்கு வண்டியின் பின்னால் பூட்டும் பலகையும் விற்கிறார்கள். ஹீத்ரோ தரையில் நன்றாக ஓடும், மணலில் உதவாது, நித்திரை தூங்கி விழும் பிள்ளைக்கும் உதவாது.

மடித்த அளவைப் பற்றி. உலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா கைப்பொதிக்குச் சொல்லும் வழிகாட்டி அளவு 56 x 45 x 25 செ.மீ. பேபிசென் யோயோ மடித்தால் 52 x 44 x 18, நிறை 6.2 கிலோ, அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 55 x 40 என்று கட்டுப்படுத்தும் விமான நிறுவனங்களும் உண்டு, அங்கே 44 இடிக்கும். உங்கள் ரிக்கெற் எந்த நிறுவனத்தினுடையதோ அதன் விதியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். ஜிபி பொக்கிற், ஆகச் சிறிதாக மடியும் வண்டி என்று 2014இல் கின்னஸ் பட்டியலில் ஏறியது: மடித்தால் 30 x 18 x 35, 4.3 கிலோ. இரண்டாவது வண்டியாக எனக்கு அது பிடிக்கும். முதல் வண்டியாக வேண்டாம், காரணம் சில்லு.

சில்லைத்தான் கடையில் அதிக நேரம் பார்க்க வேண்டும். மடிப்பு அழகையும் துணி நிறத்தையும் அப்புறம் பார்க்கலாம். நம்முடைய ஒழுங்கைகளில் மணலும் கல்லும் கலந்து கிடக்கும். முன்னால் இரட்டையாகச் சுழலும் சின்னஞ்சிறு சில்லு கல்லில் முட்டி நிற்கும், மணலில் புதையும். முன்சில்லு கொஞ்சம் பெரியதாகவும், சுழலாமல் பூட்டக்கூடியதாகவும் இருக்கட்டும். காற்றடிக்கிற ரயர் சுகமாக ஓடும்தான், ஆனால் ஒரு நெருஞ்சி முள் போதும். நிரப்பிய ஃபோம் ரயரே ஊருக்குச் சரி. ஆழமான மணலில் தள்ளாதீர்கள், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள்.

அடுத்தது, நன்றாகச் சாய்கிற இருக்கை. ஊரில் நண்பகல் 12 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் விடிகாலை 2.30. முதல் சில நாட்கள் பிள்ளை சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கிவிடும், இரவு முழுக்க விழித்திருக்கும். அந்த நேரங்களில் வண்டிதான் கட்டில். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தட்டையாகப் படுக்க வைக்கக்கூடியது வேண்டும். நுளம்பு வலை கட்டாயம். டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. வெயிலுக்கு என்று சால்வையால் வண்டியை மூடிவிடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும். அகலமான கூரையும் காற்றுப் போகும் வலைத்துணியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

விமான வாசலில் வண்டியைக் கொடுத்தால் அது சாமான் அறைக்குள் போகும். மாட்டிய மின்விசிறியையும் பவர் பாங்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பற்றரி அங்கே போகக்கூடாது. இறங்கும்போது வாசலில் திரும்பத் தருவார்களா, பெட்டியோடு சேர்ந்துதான் வருமா என்று செக்கின் மேசையிலேயே கேளுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு நெஞ்சோடு கட்டும் துணி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். டுபாயில் எமிரேட்ஸ் இலவச வண்டிகள் வைத்திருக்கிறது. சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது சிறிய ஏரிஆர் விமானம். மேல்தட்டில் இடம் குறைவு, வண்டியைக் கீழே கொடுக்க ஆயத்தமாகப் போங்கள்.

ஊரில் வண்டி போகாத இடங்கள் நிறைய. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியில் மணலும் சனமும். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறும்போது பிள்ளை இடுப்பில் இருக்க வேண்டும். கசூரினாக் கடற்கரைக்கும் கொண்டுபோக வேண்டாம். யாழ்தேவி ரயிலில் ஏறுவதென்றால் பெட்டியின் படி செங்குத்து. ஒருவர் மேலே நின்று வாங்க வேண்டும்.

வண்டியில் மிச்சம் பிடிக்கிற காசைக் கார் இருக்கைக்குச் செலவழியுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் பிடித்துப் போனால் ஏழெட்டு மணி நேரம். வாடகை வானில் பிள்ளை இருக்கை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பின் ஆசனத்தில் பெல்ட் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். “மடியில் வைத்திருக்கலாம் பிள்ளை” என்று மாமா சொல்வார். சிரித்துவிட்டு இருக்கையைப் பூட்டுங்கள்.

வெளிக்கிடும் நாளில் யாராவது வண்டியைக் கேட்பார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மற்றது திரும்பும் வழியில் தேவைப்படும்.