எடை நின்றபோது சோற்றைக் குறைக்கவில்லை

மென்ஸ் பிசிக் என்ற உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகும்போது பாதி வழியில் எடை குறையாமல் அப்படியே நின்றுவிட்டது. ஜிம்மில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இன்னும் 500 கலோரி வெட்டு. மதியச் சோறே ஒரு கரண்டிக்கு வந்திருந்தது, இதற்கு மேல் எதை வெட்ட?

முதலில் அளக்கும் முறையை மாற்றினேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்ப்பது, ஆனால் வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுப்பது. உப்பு தூக்கலான ஒரு சாம்பார் போதும், மறுநாள் எடை ஏறிவிடும். கூடவே தொப்புள் மட்டத்தில் சுற்றளவு. இரண்டுமே அசையவில்லை. சரி, கலோரிப் பற்றாக்குறையே இல்லை, அதாவது செலவழிப்பதைவிடக் குறைவாக நான் சாப்பிடவில்லை.

காரணம் போனில் இருந்த நடைக் கணக்கில் தெரிந்தது: நடை குறைந்திருந்தது. சாப்பாடு குறைந்தால் உடம்பு நமக்குத் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும். சோற்றைக் குறைக்காமல், நடையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். தாளிக்கும் எண்ணெயையும் தராசில் வைத்தேன். கிராமுக்கு 9 கலோரி ஆயிற்றே.

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் குறைவது நல்ல வேகம். 75 கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 400 முதல் 800 கலோரி பற்றாக்குறை. நான் 400 பக்கமே நின்றேன். கொழுப்பு வற்றிய உடம்பில் பெரிய வெட்டு தசையையும் தின்னும். புரதம் நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராமுக்குக் கீழே போகவில்லை.

ஸ்குவாட்டில் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) பலம் விழுந்தால் இரண்டு நாள் சோற்றைக் கூட்டுவேன். அப்புறம் எடை ஏறும், பதறத் தேவையில்லை: தசையில் சேரும் ஒரு கிராம் கிளைகோஜன் (உடம்பு சேமிக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும்.