ஒற்றை பேட்டரித் தலைவிளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரை செல்பவர்களில் பலர், வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் மலை ஏறுகிறார்கள். ஒரு கையில் மூங்கில் தடியும் மறுகையில் அலைபேசி விளக்குமாக ஏறுபவருக்கு, கால் வழுக்கினால் பாறையைப் பற்றிக்கொள்ளக் கை மிச்சமிருப்பதில்லை. நெற்றியில் கட்டும் விளக்கு ஒரு கையை விடுவித்துத் தருகிறது. அதில் ஒரே ஒரு பேட்டரியில் இயங்கும் எடை குறைந்த வகையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, முதன்முறையாக வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடச் செல்லும் விவசாயிக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

கடைகளில் அதிகம் தென்படுவது மூன்று ரிமோட் பேட்டரிகள் போடும் வகை. மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் மொத்த விளக்கும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். இருட்டில் மாற்றும்போது மூன்றையும் சரியான திசையில் செருக வேண்டும். ஒற்றை பேட்டரியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் தேவை என்பதால், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை மட்டும் வைத்து எரியும் விளக்கினுள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இருந்தாக வேண்டும். விலை சற்றுக் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் படி: தேவையைக் கணக்கிடுங்கள்

லூமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. விளம்பரத்தில் 1000 லூமென், 2000 லூமென் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கூடாரத்துக்குள் பையைத் துழாவ 5 முதல் 10 லூமென் போதும். படிகளிலும் ஒற்றையடிப் பாதையிலும் நடக்க 50 முதல் 100 லூமென் தாராளம். பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தொலைவில் பார்ப்பதற்குத்தான் 200, 300 லூமென் வேண்டும், அதுவும் சில நொடிகளுக்கு. இரவு 10 மணிக்கு ஏறத் தொடங்கி காலை 6 மணிக்கு விடியும்வரை 80 லூமெனில் நடப்பதாக வைத்துக்கொண்டால், 80 பெருக்கல் 8, அதாவது 640 லூமென்-மணி உங்கள் தேவை. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; இனி வரும் எல்லா முடிவுக்கும் இதுவே அளவுகோல்.

இரண்டாம் படி: விளக்குக்கு முன் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

எடை, எரியும் நேரம், அவசரத்துக்கு மாற்று கிடைக்குமா என்ற மூன்றையும் பேட்டரியே தீர்மானிக்கிறது. ஆகவே விளக்கின் அழகைப் பார்ப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

சுவர்க்கடிகாரத்தில் போடும் ஏஏ பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம். ஆனால் பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் மலிவான துத்தநாக-கார்பன் வகையாக இருக்கும். கடிகாரத்துக்குப் போதுமான அது, விளக்கு இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் விரைவில் சோர்ந்துவிடும். ஆல்கலைன் வகை அதைவிட மேல் என்றாலும், மறந்துபோய் விளக்குக்குள்ளேயே விட்டுவிட்டால் மாதங்கள் கழித்து வெள்ளையாகப் பூத்துக் கசிந்து, உள்ளிருக்கும் சுருள்கம்பியை அரித்துவிடக்கூடும். ஏஏ என்று முடிவு செய்தால், ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகையை வாங்குவதே சரி. 2000 மில்லி ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு), அதாவது 2 ஆம்பியர்-மணி, 1.2 வோல்ட் கொண்ட ஒன்றில் இருப்பது 2 பெருக்கல் 1.2, 2.4 வாட்-மணி ஆற்றல். நல்ல விளக்கு, சுற்றில் ஏற்படும் இழப்பையும் கழித்து, ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும் என்று கொண்டால், ஒரு பேட்டரிக்கு 240 லூமென்-மணி கிடைக்கும். மேலே பார்த்த இரவு நடைக்கு மூன்று பேட்டரிகள் தேவைப்படும். பனி மலைக்குச் செல்பவர்களுக்கு மட்டும், ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ பொருத்தமானது: அது சுமார் 15 கிராம்தான், கடுங்குளிரிலும் வேலை செய்யும்.

அடுத்தது 18650 என்ற லித்தியம்-அயனி பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 3000 மில்லி ஆம்பியர்-மணி, 3.6 வோல்ட் என்றால் 10.8 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 1000 லூமென்-மணி. ஒரே பேட்டரியில் முழு இரவும் நடந்து முடித்து, மிச்சமும் இருக்கும். எடையோ 45 முதல் 50 கிராம். ரீசார்ஜ் ஏஏ 26 முதல் 30 கிராம். ஒரு கிராமுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைப் பார்த்தால் 18650 வெகுவாக முந்துகிறது. ஆனால் இதில் போலிகள் மலிந்துள்ளன. இந்த அளவில் நல்ல பேட்டரிகளே 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் இருக்கும். 9900 என்று அச்சிட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். மாற்று பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பைக்குள் போடாமல் அதற்கான பிளாஸ்டிக் உறையில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். முனைகள் உலோகத்தால் இணைந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 14500 என்றொரு லித்தியம் பேட்டரி ஏஏ அளவிலேயே இருக்கும்; ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏறியபின் 4.2 வோல்ட் தரும். இரண்டையும் ஏற்கும் விளக்குகள் உண்டு, த்ரூநைட் டிஎச்20 போல. அப்படிக் குறிப்பிடாத விளக்கில் 14500-ஐப் போட்டால் சுற்று கருகிவிடக்கூடும்.

என் பரிந்துரை: இரவு முழுக்க நடப்பவர்கள் 18650-ஐயும், வீட்டுக்கும் வயலுக்கும் ஓரிரு மணி நேரம் பயன்படுத்துபவர்கள் ஏஏ-வையும் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாம் படி: அட்டைப்பெட்டியைக் கணக்கோடு படியுங்கள்

பல தயாரிப்பாளர்கள் எஃப்எல்1 என்ற தர அளவீட்டைப் பின்பற்றுகிறார்கள். அதன்படி எரியும் நேரம் என்பது, வெளிச்சம் தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை ஆகும் நேரம். ஒற்றை ஏஏ விளக்கின் பெட்டியில் '300 லூமென், 3 மணி நேரம்' என்றிருந்தால் மூன்று மணி நேரமும் 300 லூமென் வரும் என்று பொருளில்லை. 300-ஐ 3-ஆல் பெருக்கினால் 900. ஒரு ஏஏ-வில் இருப்பதோ 240. ஆக, சில நிமிடங்களிலேயே வெளிச்சம் இறங்கி, மீதி நேரம் மங்கலாக எரியும் என்பது பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடுகிறது. வீச்சுத் தொலைவும் இப்படித்தான்: வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது முழுநிலவின் அளவுக்கு, குறையும் இடம்வரை அளக்கிறார்கள். 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தொலைவில் மரம் இருப்பது தெரியும், வேர் தெரியாது. ஆகவே உச்ச லூமெனை விட்டுவிட்டு, 50 முதல் 100 லூமெனுக்குள் இருக்கும் நடுநிலைக்கு எத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: எடையும் வடிவமும்

பட்டையும் பேட்டரியும் சேர்ந்த மொத்த எடையைக் கேளுங்கள். விற்பனைப் பக்கங்களில் பெரும்பாலும் வெறும் விளக்கின் எடையைத்தான் போடுவார்கள். ஏஏ வகையில் 100 கிராமுக்குள்ளும், 18650 வகையில் 150 கிராமுக்குள்ளும் இருந்தால் தலைக்கு மேல் குறுக்குப் பட்டை இல்லாமலே நெற்றியில் நிற்கும். ஸ்கில்ஹண்ட் எச்04 போன்ற, குழாயின் பக்கவாட்டில் ஒளி வரும் வடிவமே எனக்கு உவப்பானது. பேட்டரி நெற்றிக்கு இணையாகக் கிடப்பதால் விளக்கு முன்னால் தொங்குவதில்லை. பட்டையிலிருந்து உருவிக் கையிலும் பிடித்துக்கொள்ளலாம். மூடுபனியில் இது பெரிய உதவி: கண்ணுக்கு அருகிலிருந்து பாயும் ஒளி பனித்துளிகளில் சிதறி வெண்திரை போலக் கண்ணையே மறைக்கும்; அதே விளக்கை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்தால் தரை தெரியும்.

நடப்பவருக்குப் பரவலான ஒளி வேண்டும். குவிந்த ஒளியில் காலடி மட்டும் வட்டமாகத் தெரிந்து, ஓரப் பள்ளம் இருட்டில் போய்விடும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 4000 முதல் 5000 கெல்வின் வரை இருப்பது மண்ணையும் கல்லையும் நன்றாகப் பிரித்துக் காட்டும்.

ஐந்தாம் படி: சிறியவை சில

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் என்ற குறியீடு சொல்லும்: மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், ஆற்றைக் கடப்பவர்களுக்கு ஐபிஎக்ஸ்7. பைக்குள் பொத்தான் அழுந்தி விளக்கு தானாக எரியாமலிருக்கப் பூட்டும் வசதி இருக்க வேண்டும். பல விளக்குகளில் அடிமூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்சாரம் துண்டிக்கப்படும். உள்ளேயே சார்ஜ் ஆகும் விளக்கு என்றால், அந்த நிறுவனத்தின் தனி பேட்டரி மட்டும்தான் பொருந்துமா, பொதுவாகக் கிடைப்பதும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: வீட்டிலேயே சோதியுங்கள்

விளக்கு வந்ததும் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, நடுநிலையில் எரியவிட்டு, எப்போது மங்கத் தொடங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். சொன்ன நேரத்தில் பாதிகூட வரவில்லையென்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, தடவிப் பார்த்தே அடிமூடியைக் கழற்றி மாற்று பேட்டரியைச் செருகிப் பழகுங்கள். நேர்முனை எந்தப் பக்கம் என்பதை விரல் அறியும்படி, விளக்கின் அந்த முனையில் ஒரு துண்டு ஒட்டுப்பட்டையைச் சுற்றி வைத்தால் மலையில் தடுமாற வேண்டியிராது.