வீடியோ எடிட்டிங் கணினிக்கு ‘எஃப்’ இல்லாத பிராசசர்

வீடியோ எடிட்டிங்குக்கென்று வீட்டில் கணினி அமைப்பவர்கள் இன்டெல் பிராசசர் வாங்குவதாக இருந்தால், சற்று விலை கூடினாலும், பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லாததையே கேட்டு வாங்குங்கள். நாகர்கோவில் கடையில் பில் போடும் முன் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நீங்களே படித்துப் பாருங்கள்.

‘எஃப்’ வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும், திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது என்பதால், அதனோடு சேர்ந்த, வீடியோ கோப்புகளை விரைவாக விரிக்கவும் சுருக்கவும் உதவும் குயிக் சிங்க் வசதியும் கிடைக்காது. சுசீந்திரம் தேரோட்டத்தையோ ஒரு கல்யாணத்தையோ புதிய கேமராவில் 10 பிட் 4:2:2 எச்.இ.வி.சி. முறையில் (நிற விவரங்களை அதிகமாக வைத்துக்கொண்டு வீடியோவைச் சுருக்கும் முறை) பதிவு செய்தால், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் அந்த வகைக் கோப்பை விரிப்பதற்குக் கைகொடுப்பதில்லை. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் உள்ளமை கிராபிக்ஸ் கைகொடுப்பதால் டைம்லைனில் படம் திக்கித் திக்கி ஓடாது. தனி கிராபிக்ஸ் கார்டும் பொருத்தியிருந்தால், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) உள்ளமை கிராபிக்ஸை இயக்கி வைக்க மறக்காதீர்கள்.

கைப்பேசியின் 8 பிட் வீடியோக்களை மட்டுமே வெட்டி ஒட்டுபவர்களுக்கும், ஆர்டிஎக்ஸ் 50 கார்டு வாங்குபவர்களுக்கும் இந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.