‘ஒரு குறிப்புக்கு எத்தனை பாயிண்ட்?’: தெரிந்ததைப் பகிரச் சொல்லும்போது நிர்வாகங்கள் சறுக்கும் இடங்கள்

ஒரே மெஷினையோ ஒரே சாஃப்ட்வேரையோ பல வருஷம் பார்த்துக்கொண்டவருக்கு எந்த மேனுவலிலும் இல்லாத நூறு விஷயம் தெரிந்திருக்கும். அவர் வேலையை விடுகிறேன் என்று பேப்பர் போடும்போதுதான் நிர்வாகத்துக்கு அது உறைக்கிறது. உடனே ஒரு திட்டம் பிறக்கும்: எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி ஒரே இடத்தில் போடுங்கள். அதற்கு ஓர் அழகான பெயர் வைப்பார்கள், பெரியவர் யாராவது வந்து தொடங்கி வைப்பார். ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்த்தால் கடைசியாக யாரோ போட்டது தீபாவளி வாழ்த்தாக இருக்கும்.

‘நம்ம ஆட்களுக்குப் பகிரும் மனசே இல்லை’ என்று அப்போது முடிவு கட்டுவார்கள். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. சொல்லும் ஆசை பெரும்பாலானவர்களுக்கு ஏற்கனவே உண்டு. டீக்கடையில் நிற்கும் நாலு மெக்கானிக்குகளிடம் ஒரு பிரச்சினையைச் சொல்லிப் பாருங்கள், வாயை மூட முடியாது. அந்தப் பேச்சை எது அடைக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை ஊன்றிக் கவனித்தவர் ஜூலியன் ஓர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் காப்பியர் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு கூடவே அலைந்தார். நிறுவனம் அவர்களுக்குத் தடிமனான கையேடு கொடுத்திருந்தது: இந்த எரர் வந்தால் இதைப் பார், அதற்கு அப்புறம் அதைப் பார். நடைமுறையில் கையேடு பாதி வழியில் கைவிட்டுவிடும். மெஷின் இ053 என்று காட்டும், கையேடு பவர் சப்ளையைப் பார் என்று அனுப்பும், உண்மையான கோளாறு வேறொரு பாகத்தில் இருக்கும். அது எப்படித் தெரியும்? காலைச் சாப்பாட்டு மேஜையில் இன்னொரு டெக்னீஷியன் போன வாரம் பட்ட பாட்டைக் கதையாகச் சொன்னதால் தெரியும். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெட்டி அரட்டை. ஜூலியன் ஓருக்கோ, பழுதுபார்க்கும் அறிவே அந்த அரட்டையில்தான் ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது.

அடுத்த பத்தாண்டில், ஜெராக்ஸின் ஆய்வு மையம் இந்த அரட்டையை ஊர் தாண்டிக் கொண்டுபோக ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. முதலில் பிரான்ஸ், பிறகு கனடா, அமெரிக்கா. ஒரு குறிப்பில் நாலே விஷயம் இருந்தால் போதும்: என்ன அறிகுறி, என்ன காரணம், எப்படிச் சோதிப்பது, என்ன செய்வது. அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், தேறினால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். பிரேசிலில் ஒருவர் தொல்லை கொடுத்த விலையுயர்ந்த கலர் மெஷினையே மாற்றிவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தார். மான்ட்ரியலில் இருந்த ஒரு டெக்னீஷியன் எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு டாலர்கூடப் பெறாத சின்ன பாகத்தோடு வேலை முடிந்தது.

குறிப்பு எழுதினால் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம் என்றவர்கள் டெக்னீஷியன்களே. காசு வைத்தால் ஆட்கள் எண்ணிக்கையைத் துரத்துவார்கள், தரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். தங்கள் பெயர், தங்களைப் போன்றவர்கள் மத்தியில் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. மேலாளர் தட்டிக்கொடுப்பதற்கும், அதே வேலை பார்க்கும் ஒருவர் ‘உங்க குறிப்பு அன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது காசும் பாயிண்டும்தான். இது இரண்டாவது தவறு. என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. இன்ஃபோசிஸ் 2000களின் தொடக்கத்தில் ‘நாலெட்ஜ் கரன்சி யூனிட்’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது. எழுதினால் யூனிட், சரிபார்த்தால் யூனிட், சேர்த்து வைத்துப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். எழுதுவோர் எண்ணிக்கை எகிறியது. திட்டம் ஜெயித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குவிந்ததைச் சரிபார்க்க ஆள் போதவில்லை, தரம் இறங்கியது, வேண்டியதைத் தேடி எடுப்பதே ஒரு வேலையானது. பிறகு நிறுவனமே யூனிட்டுகளைக் குறைத்தது. ஒரு குறிப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுப்பவரிடம், அதனால் என்ன பலன் கிடைத்தது என்று காட்டச் சொன்னது. பணப் பரிசைப் பின்னுக்குத் தள்ளி, அங்கீகாரத்தை முன்னால் கொண்டுவந்தது. ரகு கருட், அருண் குமாரசாமி என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தவறு எங்கே என்று பார்த்துத் திருத்திக்கொண்டதற்காக அந்த நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பல இடங்களில் எண்ணிக்கை ஏறுவதைக் காட்டும் கிராஃபை மீட்டிங்கில் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள்.

2005ல் வெளியான ஒரு தென்கொரிய ஆய்வும் இதையே சொல்கிறது. 27 நிறுவனங்களைச் சேர்ந்த 154 மேலாளர்களிடம் கேட்டதில், வெகுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பகிரும் மனப்பான்மையைக் குறைக்கவே செய்தது. பகிர்ந்தால் சக ஊழியர்களோடு கொடுக்கல் வாங்கல் உறவு வளரும் என்ற எண்ணம் அதைக் கூட்டியது. இன்று நான் உனக்குச் சொன்னால் நாளைக்கு நீ எனக்குச் சொல்வாய் என்ற நம்பிக்கைதான், வேறொன்றுமில்லை.

இந்த நம்பிக்கையை அப்ரைசல், அதாவது ஊழியர்களை மதிப்பிட்டுச் சம்பள உயர்வை முடிவு செய்யும் முறை, எப்படி உடைக்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. பெல் கர்வ் வைத்து, டீமில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதே வாயால் ‘நாம் எல்லாம் ஒரே குடும்பம், தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள்’ என்றால் யார் கேட்பார்கள்? பக்கத்து சீட்காரருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர் நம்மைத் தாண்டிப் போவார், நமக்கு வர வேண்டிய சம்பள உயர்வு அவருக்குப் போகும். இந்தக் கணக்கு போடுபவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல முடியாது, விதிமுறை அப்படி. மைக்ரோசாஃப்ட் பல ஆண்டு இப்படி ஊழியர்களை வரிசைப்படுத்தி வந்து, 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டது. சேர்ந்து வேலை செய்வது முக்கியம் என்பதுதான் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று.

நேரம் ஒதுக்காமல் கேட்பது இன்னொரு தவறு. ‘வேலை முடிஞ்சதும் கொஞ்சம் எழுதிப் போட்டுடுங்க’ என்றால், அது முக்கியமில்லாத வேலை என்று நிர்வாகமே சொன்ன மாதிரி. வேலை நேரக் கணக்கு எழுதும் டைம்ஷீட்டில் அதற்கு ஒரு வரி இல்லை என்றால் எழுத மாட்டார்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அப்புறம், மெருகேற்றுவது. ஊழியர் எழுதியதை ஒரு பிரிவு வாங்கி மொழி திருத்தும், இன்னொரு பிரிவு லோகோ ஒட்டும், மூன்றாவது பிரிவு ஒப்புதல் தரும். வெளியே வரும்போது எழுதியவர் பெயர் காணாமல் போய், துறையின் பெயர் இருக்கும். ‘இந்த வால்வைத் திறக்கும்போது ஒரு கீச் சத்தம் வரும், வந்தால் அங்கேயே நிறுத்து’ என்று எழுதியிருந்தது, ‘உரிய எச்சரிக்கையுடன் இயக்கவும்’ என்று ஆகியிருக்கும். அந்தக் கீச் சத்தத்தில்தான் விஷயமே இருந்தது. சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வேலை தெரிந்தவர் சரிபார்க்க வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும், பெயரில் கை வைக்கக் கூடாது. யுரேகாவில் இருந்ததும் இந்த ஏற்பாடுதான்.

அதிகம் உதவும் குறிப்புகள் பெரும்பாலும் யாரோ சொதப்பிய கதைகள். அவை வெளியே வர வேண்டுமானால் பயம் இருக்கக் கூடாது. ஹார்வர்டைச் சேர்ந்த எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தது தெரிந்தது. அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் பேசின என்ற விளக்கத்துக்குத்தான் அவர் கடைசியில் வந்தார். உங்கள் அலுவலகத்தில் ஒரு கோளாறு நடந்ததும் முதலில் கேட்கப்படுவது ‘யார் செஞ்சது?’ என்றால், எவ்வளவு நல்ல சாஃப்ட்வேர் வாங்கி வைத்தாலும் அதில் வெற்றிக் கதைகள் மட்டும்தான் சேரும்.

கடைசியாக, ஐ.டி.காரர்களுக்குப் பழக்கமான தவறு: வேலையை விடுபவரின் கடைசி வாரங்களான நோட்டீஸ் பீரியடில் ‘கேடி’ (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தெரிந்ததை அடுத்தவரிடம் ஒப்படைப்பது). போகிறவர் மனதளவில் ஏற்கனவே போயாகிவிட்டது. வாங்கிக்கொள்கிறவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. நாலு மீட்டிங் ரெக்கார்ட் ஆகும், ஒரு டாக்குமென்ட் தயாராகும். அதில் ‘பிரச்சினை வந்தால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று ஒரு வரி இருக்கும். எந்த சர்வீஸை முதலில் நிறுத்துவது, ராத்திரி பில்லிங் ஜாப் ஓடிக்கொண்டிருந்தால் தொடலாமா என்பதெல்லாம் அதில் இருக்காது. மறைக்க வேண்டும் என்று அவர் விட்டதில்லை, அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி, எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. பிரச்சினை வரும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ‘ஏன் இதை முதல்ல பண்றீங்க அண்ணா?’ என்று கேட்டால்தான் அது வெளியே வரும்.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரிய திட்டத்தோடு போக வேண்டாம். போன மாதம் டீமுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் யாரிடம் ஓடினார்கள் என்று பாருங்கள். வேலை நேரத்திலேயே அவரோடு அரைமணி உட்காருங்கள், அவர் சொல்வதை நீங்கள் எழுதி, அவர் பெயரைப் போடுங்கள். அடுத்த தடவை யாருக்காவது அது உதவினால், உதவி பெற்றவரையே அவருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அவரை எழுதச் சொல்வது அதற்கு அப்புறம்.